மஞ்சள் வயர் போட்ட பேனல் போர்டு

மோட்டார் ஓடும்வரை பேனல் போர்டுக்குள் இருக்கும் வயரை யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் எல்லோரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் சொந்தப் பட்டறை போட்டேன். முதல் ஆர்டர் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ரைஸ்மில். அது சொதப்பினால் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரின் ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தேன்.

கறுப்பு ஆகாது

எது எந்த வயர் என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு; நியூட்ரலுக்குக் கறுப்பு வயர் போடுவதுதான் வழக்கம். புது மில்லில் கறுப்பு ஆகாது என்றார் மில்காரர். அவர் சொன்னது அந்த ஒன்றைத்தான். அவரைக் குளிரவைக்கும் ஆர்வத்தில் நான் பெட்டி முழுக்க மஞ்சள் வயரே போட்டேன். திறப்பு விழாவில் தேங்காய் உடைத்தார்கள், சுவிட்சைப் போட்டார்கள், மோட்டார் அசையவில்லை. இரண்டு வயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எந்த இரண்டு என்றுதான் தெரியவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்க, டெஸ்ட் லாம்பும் கையுமாக மஞ்சளுக்குள் தேடினேன். மில்காரர் பின்னால் நின்று சொன்னார்:

"மங்களகரமாத்தேன் இருக்கு தம்பி. ஓடத்தேன் மாட்டேங்குது."

கதவு வயர்

வயர் என்றால் எனக்குக் கோடு போட்டதுபோல் நிற்க வேண்டும். பெட்டியின் திறந்து மூடும் கதவுக்குப் பல இழை உள்ள வயர்தான் தாங்கும் என்று தெரியும். ஆனால் அது தொளதொளவென்று தொங்கும். அதனால் வளைத்தபடி நிற்கிற ஒற்றைக் கம்பி வயரையே கதவுக்கும் எடுத்தேன். சில மாதத்தில் கம்பி முறிந்து மில் நின்றது. பெட்டியை யார் இத்தனை தடவை திறந்தது என்று கோபமாகவே கேட்டேன்.

"நாந்தேன். வேலை எம்புட்டு அழகா இருக்குன்னு வாரவுகளுக்கெல்லாம் திறந்து காட்டுனேன்" என்றார்.

அடுப்போரம்

அதற்குமேல் கோபப்பட எனக்கு முகமில்லை. நெல் அவிக்கும் அடுப்போரம் போன வயரிலாவது கவனமாக இருந்திருக்கலாம். சூடு தாங்கும் வயர் வர நாளாகும் என்று சாதாரண வயரையே இழுத்திருந்தேன். அதன் உறை இளகி, வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஃபியூஸ் போனது. மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. கடையில் எனக்கு இடம் ஒதுக்கிவிட்டதாக மாமனார் சொல்லியனுப்பினார்.

அந்த வாரமே மில்காரர் பட்டறைக்கு வந்தார். திருப்பரங்குன்றத்தில் இன்னொரு மில் போடுகிறாராம். பேனல் நான்தான் செய்ய வேண்டுமாம். இவ்வளவுக்குப் பிறகும் என்னிடமா என்று கேட்டேன்.

"புது ஆளுட்டக் குடுத்தா அவன் மொதல்ல இருந்து தப்புப் பண்ணுவான் தம்பி. நீ எல்லாத்தையும் பண்ணி முடிச்சுட்டேல்ல."

மாமனாரின் ஜவுளிக்கடை என்னிடமிருந்து தப்பியது இப்படித்தான்.