நான் சேர்த்துப் படித்த வரி

எங்கள் குடும்பத்தில் எழுதுவதற்காகப் பேனாவைக் கையில் பிடித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, கேட்காவிட்டாலும் சொல்வேன். ஐந்தாம் வகுப்பிலேயே தமிழ் வாசிப்பில் என்னை மிஞ்சப் பள்ளியில் ஆளில்லை. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடிக்க அம்மா யாரையும் விடவில்லை. அது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் எட்டு வீடுகள்; லைன் என்போம். எட்டு வீட்டிலும் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பெரியவர்கள் கைநாட்டு. என் வயதுப் பையன்கள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அந்த வருடம் சித்தப்பா ஒண்டிக்கடை பஜாரில் ஒரு டச் போன் வாங்கினார். அதில் படம் பார்க்க அவருக்குத் தெரியும். வாட்ஸப்பில் எழுத்தாக வருவதையெல்லாம் எனக்கென்று விட்டுவைப்பார். சாயங்காலம் அன்றைக்கு எடுத்த காப்பிப் பழத்தை அளந்து கொடுத்துவிட்டு எல்லோரும் லைன் வாசலில் உட்கார்ந்ததும், "கண்ணு, இன்னிக்கு என்ன வந்திருக்குதுன்னு பாரு சாமி" என்பார். கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் ஏறி நின்று, டிவியில் செய்தி வாசிப்பவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு படிப்பேன்.

முதலில் வந்தவை சாதாரணமானவை. எலுமிச்சம்பழம் எந்தெந்த நோயைத் தீர்க்கும், எந்தச் சாமி படத்தை எத்தனை பேருக்கு அனுப்ப வேண்டும். பிறகு பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்தார்கள். வடக்கேயிருந்து ஆட்கள் லாரியில் வந்து இறங்கியிருக்கிறார்கள், குழந்தைகளைத் தூக்கிப்போய்க் கிட்னியை எடுக்கிறார்கள், உங்கள் பகுதியில் எச்சரிக்கையாக இருங்கள். படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. எலுமிச்சம்பழத்துக்கு அப்படியொரு அமைதி கிடைத்ததே இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மறுநாளும் அதே செய்தி வேறு வார்த்தைகளில் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கேட்பவர்களுக்குச் சலித்துவிடுமே என்று, 'உங்கள் பகுதி' என்றிருந்ததை 'நம் கொட்டச்சேடு பகுதி' என்று வாசித்தேன். இன்னொரு நாள் சொந்தமாகவே ஒரு வரி சேர்த்தேன்: 'குழந்தையைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள்.' சாக்கு எங்கிருந்து வந்தது என்று அதிகம் யோசிக்க வேண்டாம். எஸ்டேட்டில் எங்கே திரும்பினாலும் சாக்குதான். பழம் கட்டச் சாக்கு, கால் துடைக்கச் சாக்கு, மழை வந்தால் தலையில் மடித்துப் போட்டுக்கொள்ளவும் சாக்கு.

"எழுதியே போட்டுட்டாங்கன்னா பொய்யாவா இருக்கும்?" என்றார் சித்தப்பா.

"அதும் படிச்ச புள்ளை படிக்குது" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம ஆளுகளும் ஒரு காலத்துல கீழ இருந்து மூட்டையத் தூக்கிட்டு மலையேறி வந்தவங்கதான்" என்றாள்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. உங்களுக்கு என்ன, படிக்கவா தெரியும்?" என்றார் சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

லைனின் கடைசி வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒருவரும் அவர் மனைவியும் கைக்குழந்தையோடு இருந்தார்கள். பழம் எடுக்க ஆள் பற்றாமல் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்தான் கூட்டிவந்திருந்தார். முதல் வாரம் அவர்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்பிய வீடுகள், என் செய்திகள் தொடங்கிய பிறகு குழாயடியில் அவர்களைக் கடைசியாக நிற்கவைத்தன. அம்மா ஒருத்திதான் அங்கே போய்க் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டு வருவாள். மழைக்குச் சாக்கை எப்படி மடித்துப் போட்டுக்கொள்வது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். பிள்ளைகள் நாங்கள் ஒரு விளையாட்டே கண்டுபிடித்தோம். ஒருவர் இந்திக்காரர், மற்றவர்கள் ஓட வேண்டும். பிடிபட்டவருக்குக் கிட்னி போய்விடும். கிட்னி எங்கே இருக்கிறது என்று தெரியாததால் தொப்புளைப் பொத்திக்கொண்டு ஓடுவோம்.

பின்னாளில் கல்லூரியில் ருவாண்டா இனப்படுகொலையைப் பற்றிப் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களையே வெட்டிச் சாய்ப்பதற்கு முன்னால், அவர்களைக் கரப்பான்பூச்சிகள் என்று வானொலி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. கேட்டவர்கள் எப்படி நம்பினார்கள் என்று வகுப்பில் பேசிக்கொண்டே இருந்தார்கள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவரைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் நல்ல குரல் இருந்திருக்கும். அவர் வீட்டிலும் பெருமைப்பட்டிருப்பார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தூறிக்கொண்டிருந்தது. நான் டிரம்மின் மேல் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தேன். கடைசி வீட்டுக்காரர் வெளியே வந்தார். தலையில் சாக்கு. தோளில் இன்னொரு சாக்கால் மூடிய ஏதோ ஒன்று. அதற்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள் தொங்கின. பஸ் ரோட்டுக்குப் போகும் குறுக்குப் பாதையில் வேகமாக இறங்கினார்.

அவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்குக் குழந்தை இருப்பதும் தெரியும். ஆனால் அன்று அவர் கடைசி வீட்டிலிருந்து இறங்குபவராகத் தெரியவில்லை. செய்திக்குள்ளிருந்து இறங்கி வருபவராகத் தெரிந்தார். சாக்கு, தோள், குழந்தை, எல்லாம் சொன்னபடியே இருந்தது. சொன்னது நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. டிரம்மின் மேல் எழுந்து நின்று, "புள்ளை புடிக்கறவன்! புள்ளையத் தூக்கிட்டுப் போறான்!" என்று கத்தினேன். என் குரல் எப்போதும் நன்றாகக் கேட்கும்.

லைனிலிருந்த ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். சித்தப்பாதான் முதல் ஆளாகக் காப்பிக் கிளையை ஒடித்துக்கொண்டு போனார். கடைசி வீட்டுக்காரர் திருப்பி அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. தடுப்பதற்கு அவரிடம் கை இல்லை; இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்தன. "காய்ச்சல், காய்ச்சல்" என்று தனக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிக்கொண்டே பாறையோரம் குனிந்து, குழந்தையை நெஞ்சுக்குள் வைத்து மூடிக்கொண்டார். அடியெல்லாம் முதுகிலும் தலையிலும் விழுந்தது. சித்தப்பா குழந்தையை மீட்பதற்காக அதன் காலைப் பிடித்து இழுத்தார்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்த குழந்தையின் தாய் அலறினார். அந்தச் சத்தம் கேட்டு எங்கிருந்தோ அம்மா ஓடிவந்து நடுவில் விழுந்தாள்.

"உடுங்கடா! அவங்கொழந்தைடா அது! தெனமும் நாந்தாண்டா அதுக்குத் தண்ணி ஊத்தறேன்! ஏந் தம்பி, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

நின்றார்கள். கிளையைக் கீழே போடத் தோன்றாமல் சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ரைட்டர் ஜீப்பை வரவழைத்து, மூன்று பேரையும் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "பாறையில வழுக்கி உழுந்துட்டான்னு சொல்லீருங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வீட்டுக்காரருக்குப் புருவத்தில் தையல், இடது கையில் எலும்பு முறிவு. குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும்தான்.

"மொதல்ல கத்துனது யாரு?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாருந்தான்" என்றார் சித்தப்பா.



மூன்றாம் நாள் காலையில் கடைசி வீட்டுக்காரரின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். இடுப்பில் குழந்தை, கையில் மருந்து பாட்டில். அம்மா வேலைக்குப் போய்விட்டிருந்தாள்; எனக்குப் பள்ளி லீவு. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"பாப்பா. படி" என்று பாட்டிலை நீட்டினார்.

பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "காலையில ஒரு மூடி. ராத்திரி ஒரு மூடி. சாப்பிட்டதுக்கு அப்புறம்." மூடியைக் காட்டினேன், சூரியனைக் காட்டினேன், கண்ணை மூடித் தூங்கிக் காட்டினேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்று முறையும் ஒரே மாதிரி வந்ததும் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. கோபமிருந்தால் என்னிடம் வந்திருப்பாரா? எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடினேன். அந்த லைனில் கேட்பதற்கு அவருக்கு வேறு ஆளே இல்லை என்பதும், நான் சொல்வதைத்தான் அவர் தன் குழந்தையின் வாயில் ஊற்றியாக வேண்டும் என்பதும், எதற்காக மூன்று முறை படிக்கச் சொன்னார் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.