ஆறு விரல் உயரம்

எங்கள் வீட்டு வாசற்கதவின் அடியில் ஓர் இரும்புப் பட்டை கிடக்கிறது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம், நாலு விரல் அகலம், லேசாக வளைந்த முதுகு, நடுவில் ஒரு துளை. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து எங்கள் தெருவுக்கு வரும் பழைய இரும்புக்காரருக்கு அதன்மேல் ஒரு கண். "நல்ல எஃகும்மா, சும்மா கெடக்குதே" என்பார். சும்மா கிடக்கவில்லையே, கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று நான் சொன்னால், அதற்கு ஒரு செங்கல் போதாதா என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கணக்குப் பார்த்தால் அது ஒரு கைப்பிடிப் பழத்துக்குத்தான் பெறும். ஆனால் அது என் வீட்டுக்கு வந்த கதை அவருக்குத் தெரியாது. எனக்கே அந்தக் கதை பத்து வருஷம் தெரியாமல்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் நாலு நாள் கிராமங்களுக்குப் போகும் பிரிவில் போட்டிருந்தார்கள். ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரம்வரை எங்கள் எல்லை. போவதற்கு ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். கார் மாதிரி முகம், வேன் மாதிரி முதுகு. யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. மருந்துப் பெட்டி, தண்ணீர் டிரம், மடக்கு ஸ்ட்ரெச்சர், ஸ்டவ், பால் பவுடர் மூட்டை எல்லாம் பின்னால் ஏறும். அவற்றுக்கு முன்னால், சரியாகப் பின் சக்கரத்தின் மேல், ஒரு நீள சீட். அதில் நானும் இரண்டு ஆயாக்களும். ஆயாக்கள் என்றால் ஆஸ்பத்திரி ஆயாக்கள். இரண்டு பேருமே என்னைவிட இளையவர்கள். முன்னால் டாக்டரம்மா. வண்டி கிளம்பினால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் தரையைப் பெருக்கிக்கொண்டு வரும். பிள்ளைத்தாச்சி மாடு நடப்பதைப்போல இருக்கிறது என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

ஓட்டியவரை ஆஸ்பத்திரி முழுக்க டிரைவர் பாய் என்றுதான் கூப்பிடும். ஆம்பூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். அதற்கு முன்னால் தோல் லாரி ஓட்டியவர். உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிக்கொண்டு பல ஊர் ரோட்டைப் பார்த்த ஆள். பேச்சு கம்மி. வண்டி நின்றதும் இறங்கி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்து எத்தனை விரல் போகிறது என்று பார்ப்பார். அது அவருக்குத் தொழுகை மாதிரி தவறாத பழக்கம். அந்த வண்டியில் இரண்டு விரல்தான் போகும். "பட்டை செத்துப்போச்சு சிஸ்டர்" என்பார். பின்பக்கத்து எடையைத் தாங்குகிற வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. அவை முதுகு நிமிர்ந்துவிட்டால் வண்டி உட்கார்ந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வண்டி நிஜமாகவே உட்கார்ந்துவிட்டது. கானாற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. இறங்கி ஏறும் இடத்தில் கல் துருத்திக்கொண்டிருக்கும். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வரும்போது பின்பக்கம் அந்தக் கல்லில் தட்டி, சைலன்சர் கழன்று, ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், கர்த்தருடைய கிருபை. மறுநாள் டாக்டரம்மா பாயைக் கூப்பிட்டு, "ஆறு விரல் ஒசரம் வேணும். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்.

பாய் ஒரு வாரம் அலைந்தார். செத்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்று ஆற்காட்டில் ஒருவர் சொன்னாராம். ஆறு மாசத்தில் மறுபடி படுத்துவிடும் என்று வேண்டாம் என்றார். இருக்கிற கட்டுக்குள் இன்னொரு பட்டையைச் செருகலாம் என்று ஒருவர். அது பழைய சட்டையில் புதுத் துணி ஒட்டுப்போட்ட கதை என்றார். கடைசியில் ராணிப்பேட்டையில், உடைத்துப்போட்ட ஒரு பெரிய வேனிலிருந்து தடித்த பட்டைக் கட்டு இரண்டு பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்துக்கு ஏழு பட்டை. மாட்டிய அன்று கையை நுழைத்தால் ஆறு விரல் சுளுவாகப் போனது. டாக்டரம்மா தன் விரலையே விட்டுப் பார்த்துச் சிரித்தார். கல்லில் தட்டாமல் தரைப்பாலத்தைத் தாண்டினோம். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி விழுந்தோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு மூன்றாவது மாசம். அதற்கு முன்னால் இரண்டு, நாலு மாசம்கூட நிற்காமல் போயிருந்தன. அந்த இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொன்னேன், பிறகு ஊரெல்லாம் துக்கம் கேட்டது. அதனால் இந்தத் தடவை என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. எங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் டாக்டரம்மாவுக்கும் சொல்லவில்லை. குலுக்கலால் கரு கலையாது என்று பாடத்தில் படித்தவள்தான் நான். கிராமத்துப் பெண்களுக்கு அதையே சொல்லித் தைரியமும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று வண்டி தூக்கிப்போட்டபோதெல்லாம் ஒரு கை மேலே கம்பியைப் பிடிக்க, இன்னொரு கை அடிவயிற்றுக்குத் தானாகப் போனது. பாடம் ஒன்று சொல்லும், வயிறு வேறொன்று சொல்லும்.

மறுநாள் பார்த்தால் வண்டி இரண்டு விரல் இறங்கியிருந்தது. டாக்டரம்மா கேட்டதற்குப் பாய், "புதுப் பட்டைங்க டாக்டரம்மா, புது மாடு மாதிரி. மொதல்ல திமிரும், அப்புறம் அடங்கும், ஓட ஓடத் தானா ஏறும்" என்றார். நாங்கள் நம்பினோம். டாக்டரம்மாவுக்கு உடம்பில் இருநூறு எலும்பின் பெயரும் அத்துப்படி. வண்டியில் ஒரு பட்டையின் பெயர் தெரியாது. நானும் அதே லட்சணம்தான்.

நாலு விரல் உயரத்தில் அந்தக் கல் தட்டத்தான் செய்தது. அதனால் தரைப்பாலம் வந்தால் பாய் வண்டியை நிறுத்தி, ஆயாக்களை இறக்கி, மருந்துப் பெட்டியையும் மூட்டையையும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி அக்கரையில் வைத்துவிட்டு, பிறகு வண்டியை மெல்ல இறக்கி ஏற்றுவார். தண்ணீர் டிரம்மை அவர் உருட்டுகிற அழகைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இறங்கப் போனால், "நீங்க ஒக்காருங்க சிஸ்டர், சேறு" என்பார். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ஒருநாள் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊசிக்குக் காத்திருந்த தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னும் எத்தன நாள் பாய் ஓடினா ஏறும்?" என்று கத்தினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏறும் சிஸ்டர். இன்னும் கொஞ்ச நாள்."

அன்றைக்கே ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், வார்த்தையும் கூர்மையாக வரும். இரண்டையும் அந்தத் தாளில் காட்டினேன். சொன்ன வேலையைச் செய்யாமல் சாக்குச் சொல்கிறார், நோயாளிகள் மேல் அக்கறை இல்லை என்றெல்லாம். அக்கறை இல்லை என்ற வார்த்தையை அடிக்கோடிட்டது நன்றாக நினைவிருக்கிறது. பாய்க்கு மெமோ கொடுத்தார்கள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்று சொல்லியும் அனுப்பினார்கள். ஆபீஸ் வாசலில் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும். அன்றும் தரைப்பாலத்தில் என்னிடம், "நீங்க ஒக்காருங்க சிஸ்டர்" என்றார்.

ஐந்தாவது மாசத்தில் டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். திட்டினார், பிறகு கட்டிக்கொண்டார். வார்டுக்கு மாற்றுகிறேன் என்றதற்கு, ஆள் இல்லாமல் கிராமத்து வேலை நின்றுவிடும் என்று பிடிவாதமாக மறுத்து, ஏழாம் மாசம்வரை அந்த வண்டியில்தான் போனேன். மகள் பிறந்தாள். முழு மாசம், முழு அழுகை. லீவு முடிந்து திரும்பி வந்த அன்று வண்டி ஆறு விரல் உயரத்தில் ஜம்மென்று நின்றது. தரைப்பாலத்தை ஒரே மூச்சில் தாண்டியது, பல் கிடுகிடுத்தது. நான் ஆயாக்களிடம், பாய்க்குக் காதில் விழும்படியே, "பாத்தீங்களா, மெமோ குடுத்தாத்தான் பட்டை ஏறும்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பத்து வருஷம் கழித்து வண்டியை உடைக்கக் கொடுத்தார்கள். அந்த வாரம் ஒரு சாயங்காலம் பாய் தன் வீட்டம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. எத்தனையோ பிள்ளைகளை எத்தனையோ பேர் கையில் கொடுத்தவள் நான். முதல் தடவை பிள்ளையை வாங்குகிறவர்கள் எப்படிப் பிடிப்பார்கள் என்று தெரியும். அவர் அப்படித்தான் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சாக்கைப் பிரித்தால் துருவேறிய ஒரு பட்டை.

"இன்னா பாய் இது?"

"பாப்பாவோடது சிஸ்டர்" என்றார். பிறகு காபியைக் குடிப்பதில் மும்முரமானார்.

அவருடைய வீட்டம்மாதான் சொன்னார். தடித்த பட்டை மாட்டிய அன்று சாயங்காலம் பாய் வீட்டிலிருந்து பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாராம். கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, வண்டியில் என் இடத்தில் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, மச்சானை ஓட்டச் சொல்லி அதே ரோட்டில் போய் வந்தாராம். "பாதிக் கொடம் இவரு மேலயே ஊத்திக்கிச்சு சிஸ்டர். லுங்கியெல்லாம் நனஞ்சி வந்து நிக்கிறாரு. பேஜாராப் போச்சு, இதுல அவங்க எப்டிப் போவாங்கன்னு ஒரே பொலம்பல். திரும்பிப் போயி பக்கத்துக்கு ஒரு பட்டையக் கழட்டிட்டு, மறுபடி கொடத்த ரொப்பி, மறுபடி ஒரு சுத்து. அப்ப ரெண்டு கை தண்ணிதான் சிந்துச்சாம். பட்டை எங்கியாவது ஓட ஓட ஏறுமா சிஸ்டர்? எறங்கத்தான எறங்கும். எங்க தெருவுல சின்னப் புள்ளகூட சிரிக்கும்." நான் லீவில் போன மறுநாளே இரண்டு பட்டையையும் திரும்ப மாட்டிவிட்டாராம். இப்போது வண்டியை உடைக்கும்போது அதே இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

கண்ணாடியில் என் கை போன இடத்தைப் பார்த்திருக்கிறார். என் சொந்த மாமியாருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, பெட்டியைத் தூக்கி, டிரம்மை உருட்டி, மெமோவும் வாங்கியிருக்கிறார். "ஏன் பாய் சொல்லல? நான் அப்படி எழுதினப்பகூடச் சொல்லலையே" என்று கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்களே யாருக்கும் சொல்லாத சேதி சிஸ்டர் அது. நான் எப்டி சொல்றது?"

மறுநாள் ஆபீசுக்குப் போய் அந்தப் பழைய புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த ஃபைலைக் கரையான் தின்று பல வருஷமாகிறது என்றார். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கறை என்ற வார்த்தையை அதிலும் அடிக்கோடிட்டிருந்தேன். பாய் இறந்து இப்போது எத்தனையோ வருஷம் ஆகிறது. துக்கத்துக்குப் போயிருந்தபோது அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் கனத்துக்கு இன்னொரு பட்டை இருந்தது. அதன் ஜோடி. அதையும் பாப்பாவோடது என்றுதான் அந்த வீட்டில் சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் கேட்காமலே பட்டையைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. "இது விக்கிறதுக்கில்ல. எம் பொண்ணோடது" என்றேன். அவர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த இரும்பா? இத வெச்சி பாப்பா இன்னாம்மா பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. பொறந்துச்சு" என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்து கதவடியில் வைத்தேன்.