மறியல் வாசலைத் தாண்டி வாங்கிய ஒயின்

துறைமுகத்தில் வேர்க்கடலை ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு நழுவி, மூட்டைகள் என் கணவரின் வலது கை மேல் விழுந்தன. அது ஒரு பிரெஞ்சுக் கப்பல். கையை முழங்கையோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கப்பலின் டாக்டர் மட்டும் சொல்லவில்லை. தன் அறையிலேயே அவரைப் படுக்கவைத்து, எலும்பைச் சேர்த்து, தைத்துக் கட்டினார். அப்புறம் கப்பல் நின்ற நாளெல்லாம் ராயபுரத்தில் எங்கள் குடிசைக்கே நடந்து வந்து கட்டு மாற்றினார். தலையைக் குனிந்து உள்ளே வருவார். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிச் சைகை காட்டுவார். ஒருநாள் சுண்டுவிரல் லேசாக அசைந்தது. அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கொடுத்த பணத்தை அவர் தொடவில்லை. மறுநாள் சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது என்று தெரிந்ததும், என் கணவரோடு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பரிசு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். மேஸ்திரி, தமிழ் தெரிந்த கப்பல் சமையற்காரனைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டாக்டருக்கு நல்ல ஒயின்னா உசுராம். நீதான் வாங்கிகினு வரணும் தங்கச்சி."

"நானா? ஆம்பளைங்க இத்தினி பேரு கீறீங்களே."

"கள்ளு, சாராயம், எந்தக் கடைப் பக்கமும் போறதில்லைன்னு போன மாசம்தான் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நீ சட்டைக்காரர் வூட்டுல சமைக்கிறவ. உனக்குத்தான் பாட்டிலப் பத்தித் தெரியும்."

ஆங்கிலோ-இந்திய ரயில்வே கார்டு ஒருவர் வீட்டில் நான் சமையல் வேலை பார்த்தேன். பாட்டிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காலியானதைக் கழுவுவதுதான். ஆனாலும் சரி என்றேன். அந்தக் கைக்காக நான் எதற்கும் சரி என்றிருப்பேன்.

உசத்தியான சரக்கு கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு பார்சிக்காரர் கடையில்தான் கிடைக்கும் என்றார்கள். மறுநாள் வேலை முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஐந்துக்குள் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மேஸ்திரியாலும் என்னை உள்ளே கூட்டிப்போக முடியாது.

கடை வாசலில் கதர் கட்டிய ஆறேழு பேர் கைகோத்து நின்றிருந்தார்கள். எதிர்ச் சாரியில் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அது மதுக்கடை மறியல் நடந்த வருஷம், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் ஓரத்தில் நின்ற பெண் என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை. எங்களோடு ஒரே குடிசையில் இருப்பவள். அவள் மறியலுக்குப் போகிறாள் என்று தெரியும். அன்றைக்கு, அந்தக் கடைக்கு என்று தெரியாது.

"இன்னா அண்ணி இங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் முகம் மாறியது. வீட்டில் நாங்கள் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

"உங்கண்ணன் கையக் காப்பாத்துனவருக்குத்தாம்மா" என்றேன்.

"தெரியும். வேற எது வேணா குடு. என் கம்மலக் கழட்டித் தரேன், எடுத்துகினு போ. இது வேணாம்."

"அவருக்குப் புடிச்சது இதுதான்."

"எங்கப்பா குடிச்சுக் குடிச்சு வயிறு வீங்கிச் செத்தாரு. வாயில வந்த ரத்தத்த நான் தொடச்சேன். நீ அப்ப இந்த வூட்டுக்கே வர்ல."

நான் ஒரு படி ஏறினேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்டாள்.

"எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க."

"தாண்டிப் போ அண்ணி. மேல கை வெக்க மாட்டோம். போறதுன்னா என்னைத் தாண்டிப் போ."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கூட்டத்தில் யாரோ, போலீஸ் வருகிறது என்றார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டினேன். அவள் பின்னல் என் கால் விரலில் பட்டது.

உள்ளே பார்சிக்காரர் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். கடையைச் சாத்துகிற அவசரம் அவருக்கு.

"பிரெஞ்சு டாக்டருக்குக் குடுக்கணும். இருக்கறதுல நல்லதா வேணும்."

"பிரான்சில் எந்த ஊர்க்காரர்?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர் பெருமூச்சு விட்டு, கழுத்தில் தங்கக் காகிதம் சுற்றிய பாட்டில் ஒன்றையும், பளபளப்பான சீட்டு ஒட்டிய சிவப்புப் பாட்டில் ஒன்றையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மேசையில் டக் டக்கென்று வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பின்கட்டுக்குப் போய் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மேல் தூசி. சீட்டு பழுப்பேறி, ஓரம் பிய்ந்திருந்தது.

"இதுதான் எல்லாத்திலும் உசத்தி" என்றார். "தூசியைத் துடைக்காதே."

விற்காத பழசைக் குடிசைக்காரி தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. கார்டு வீட்டு அம்மா, பாட்டிலில் தூசி இருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். தங்கக் காகிதப் பாட்டிலைக் கையில் எடுத்தேன். வெளியே போலீஸ் லாரி வந்து நின்றது.

"சீக்கிரம் சொல்லும்மா."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். மூன்றாவது பாட்டிலை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. குளிப்பாட்டின குழந்தையைப் போல இரண்டு கையிலும் படுக்கவைத்துக்கொண்டு நின்றார். ஏமாற்றுகிறவன் அப்படிப் பிடிக்க மாட்டான்.

"அதையே குடுங்க."

வைக்கோல் சுற்றித் தந்தார். நான் வெளியே வந்தபோது அவளை இரண்டு போலீஸ்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. என் முந்தானைக்குள் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒருவர் என் காலடியில் துப்பினார்.

லாரி கிளம்பியது. அதன் பின்னால் ஓடலாம், எந்த ஸ்டேஷன் என்றாவது கேட்கலாம். நான் துறைமுகத்தைப் பார்த்து ஓடினேன். வழியெல்லாம் பாட்டில் விழுந்துவிடுமோ என்கிற பயம் ஒன்றுதான் இருந்தது. அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

மேஸ்திரி என்னைக் கப்பல் படிவரைக்கும் கூட்டிப்போனார். டாக்டர் இறங்கி வந்தார். வைக்கோலைப் பிரித்து, பழுப்பேறிய சீட்டை மெதுவாகப் படித்தார். பக்கத்தில் நின்ற சமையற்காரனிடம் ஏதோ கேட்டார்.

"இத யாரு பொறுக்குனதுன்னு கேக்குறாரு" என்றான் அவன்.

மேஸ்திரி என்னைக் காட்டினார். டாக்டர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தன் வலது கையை நீட்டி, ஐந்து விரலையும் மடக்கி விரித்துக் காட்டினார். தினமும் செய்யச் சொல் என்று அர்த்தம். சங்கு ஊதியது. அவர் மேலே ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் கணவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அவளத் தாண்டிட்டியா?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அவளை இரண்டு மாதம் வேலூர் ஜெயிலில் வைத்தார்கள். மெலிந்து, கறுத்து வந்தாள். வந்த அன்றே அண்ணன் கையை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவி நீவினாள். என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத அவரு குடிச்சிருப்பாரா அண்ணி?"

"தெரியல."

"குடிச்சிருக்கட்டும்" என்றாள். அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மீதி மீனை ஆய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "ஆனா நீ என்னைத் தாண்டுனத நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

"மறக்க வேணாம்" என்றேன்.