ஆட்சேபணை சொல்ல வந்தவன்

நான் கார் டிரைவர். கையெழுத்துப் போடத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக, மொத்தமாக மின்சாரம் வாங்கி விற்கும் கம்பெனிக்கு என்னை டைரக்டர் ஆக்கினார் முதலாளி. வீட்டில் ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான்!

லைசென்ஸ் தருவதற்கு முன், ஆட்சேபணை கேட்டுப் பேப்பரில் விளம்பரம் வந்தது. மின்சாரம் என்றாலே எதிர்த்து மனு கொடுக்கும் ஊர் எங்கள் நெட்டுக்குப்பம். அனல்மின் நிலையச் சாம்பலால் ஆற்றில் மீன் போன கோபம். மனு போனால் என் வேலையும் போய்விடும்.

தோஸ்து குமார் மனுவோடு வந்தான்.

"இன்னா மாமு, வெளம்பரத்துல உம் பேரு கீது?"

"பேருதான்டா என்து. லைசென்ஸ் கெடைக்கலன்னா மொதலாளி வேலய வுட்டுத் தூக்கிடுவாரு."

"அப்ப வுடு. உன் பொயப்புல மண்ணு போட மாட்டோம்."

மனுவைக் கிழித்தான்.

லைசென்ஸ் கிடைத்தது. முதலாளி லட்டு ஊட்டினார். ஊரையே சிரிக்க வைக்கும் எனக்கு, குமாரைப் பார்த்தால் மட்டும் இன்றுவரை சிரிப்பு வருவதில்லை.