கையை மோந்து பார்த்த வாத்தியார்

போன வாரம் மொரப்பூர் ஸ்டேஷனில் கோயமுத்தூர் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரத்தின் கடைசியில், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலீப்பர் கட்டைகளைப் பிடுங்கி அடுக்கியிருந்தார்கள். இனி எல்லாம் காங்கிரீட் கட்டைதானாம். வெயில் ஏறியதும் கட்டைகளில் ஊறியிருந்த தார் இளகி வாசனை கிளம்பியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வண்டியும் போய்விட்டது.

என் மூக்கைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு இது புரியும். இருபத்து மூன்று வயதில் இந்தப் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். டிரில்லும் என் தலையில்தான். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பையன்கள் வரிசையாகக் கையை நீட்ட வேண்டும். நகத்தைப் பார்ப்பேன், பீடி குடித்தானா என்று விரலை மோந்து பார்ப்பேன். மண்ணில் தேய்த்துவிட்டு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குக் கர்வம். "டேய், மோப்பம் வருதுடா" என்று பின்வரிசையில் கிசுகிசுப்பார்கள். காதில் விழாதது போல நடப்பேன். சின்னப் பையன்களுக்கு அது ஒரு விளையாட்டு. "நான் என்ன தின்னேன், சொல்லுங்க சார்" என்று கையை மூக்குக்கே கொண்டுவருவார்கள். "உங்க வூட்ல கருவாடுடா" என்பேன். வரிசையே சிரிக்கும்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தலைவர்களைப் பிடித்த சேதி வந்ததும் பெரிய வகுப்புப் பையன்கள் வெளியே போய்க் கோஷம் போட்டார்கள். போலீஸ் அவர்களைத் துரத்திக்கொண்டு வகுப்புக்குள்ளேயே வந்தது. பெஞ்சுக்கடியில் ஒளிந்தவனைக் காலைப் பிடித்து இழுத்து அடித்தார்கள். ஒருவனுக்குக் காது கிழிந்தது. அன்றிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் பள்ளியிலேயே இருந்தார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்பார்கள். ஒன்றுக்குப் போகிற பையனைக் கூப்பிட்டு, காரணமில்லாமல் கன்னத்தில் ஒன்று வைப்பார்கள். தலைமையாசிரியர் அவர்களுக்குக் காப்பி வரவழைத்துக் கொடுப்பார். கூடத் தின்ன எதுவும் இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொள்வார்.

பத்து நாளில், ரயில் பாதையோரம் அடுக்கியிருந்த சிலீப்பர் கட்டைகளுக்கு யாரோ சீமெண்ணெய் ஊற்றித் தீ வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் பிரார்த்தனைக்கே வந்து நின்றார்.

"வாத்தியாரே, பசங்க கைய மோந்தே பீடிய கண்டுபுடிப்பீங்களாமே? இன்னிக்கு எனக்காக ஒருக்கா பாருங்க. தாரு, சீமெண்ண. எவன் கையில இருந்தாலும் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், என் மூக்கின் புகழ் போலீஸ் ஸ்டேஷன்வரை போயிருக்கிறதே என்று ஒரு கணம் மனம் குளிர்ந்தது.

பையன்கள் வழக்கம்போலக் கையை நீட்டினார்கள். மோந்து பார்க்க வந்தவன் நானாக இருந்ததால் நீட்டினார்கள். மூன்றாவது வரிசையில் நடேசன் நின்றான். என் சொந்தத் தம்பி, என்னோடு தங்கிப் படித்தவன். புளி போட்டுத் தேய்த்திருந்தான். புளிக்கு அடியில் தார் இருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை குனிந்தேன். பிறகு அடுத்த பையனுக்கு நகர்ந்தேன்.

"என்ன வாத்தியாரே, அங்க நின்னுட்டீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அடுத்து நின்றவன் இன்னாசி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மாதா கோயில் சாமியார் நடத்திய போர்டிங்கில் தங்கிப் படித்தான். தினமும் காலையில் போர்டிங் லாந்தர்களைத் துடைத்து எண்ணெய் ஊற்றுவது அவன் வேலை. அது எனக்குத் தெரியும். "வௌக்கெல்லாம் ஆச்சா இன்னாசி?" என்று எத்தனையோ நாள் அவன் கையை மோந்து கேட்டிருக்கிறேன்.

"இவன் கையில சீமெண்ண வாசனைங்க" என்றேன்.

வராந்தா பெஞ்சில் அவன் வலது கையை வைக்கச் சொன்னார்கள். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் லத்தியின் பூண் போட்ட முனையால் இடித்தான். முதல் இடிக்கு அவன் கத்தவில்லை. என்ன நடக்கிறது என்றே அவனுக்குப் புரியவில்லை. இரண்டாவது இடிக்கு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"சார், நான் லாந்தர் தொடைக்கிறவனுங்க சார்! உங்களுக்குத் தெரியுமே, சொல்லுங்க சார்!"

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நெசமா வாத்தியாரே?"

"எனக்குத் தெரியாதுங்க."

அதற்குப் பிறகு எத்தனை இடி என்று நான் எண்ணவில்லை. தேங்காய் ஓடு உடைகிற சத்தம் கேட்டது. நிலக்கடலைத் தோலின் மேல் ரத்தம் சொட்டியது. கால்சட்டை நனைந்து அவன் சரிந்தான். பையன்களைப் பார்த்தேன். கையை இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால் எல்லோரும் நீட்டியபடியே நின்றார்கள். நடேசனும்தான்.

ஐந்து நாள் கழித்து சாமியார் போய் இன்னாசியை மீட்டு வந்தார். விரல்கள் கொக்கிபோல வளைந்து கூடிப்போயின. பள்ளி அறிவிப்புப் பலகையில் முத்து முத்தாக எழுதியவன் அவன். அவன் அப்பா வந்து ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவனை அடித்த அன்று சாயங்காலம் நடேசன் கேட்டான்: "என் கைய மட்டும் ஏண்ணா ரெண்டு தடவ மோந்த?"

"சோத்தத் தின்னுடா."

அவன் தின்னவில்லை.

திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் "கைய நீட்டுங்கடா" என்றேன். ஒருவனும் நீட்டவில்லை. கருவாட்டுக்குச் சிரித்த சின்னப் பையன்கள்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "என்ன வாத்தியாரே, பசங்களுக்குக் கையே இல்லியா?" என்று போலீஸ்காரன் கடலை வாயோடு சிரித்தான். அதன் பிறகு யாரையும் கை நீட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடேசனுக்குப் பின்னாளில் தியாகி என்று தாமிரப்பட்டயம் கொடுத்தார்கள். அதை அவன் சுவரில் மாட்டவில்லை, டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். முந்தின வருஷம் அவனும் போய்விட்டான். பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தை இடித்து மாடி கட்டிவிட்டார்கள், அந்த வராந்தா இல்லை. சிலீப்பர் கட்டைகளும் போனால் தார் வாசனையும் இந்தப் பக்கம் இருக்காது.

இன்னாசி இருக்கிறாராம். இடது கையாலேயே மாடு கட்டி, ஏர் ஓட்டிக் காலம் தள்ளிவிட்டாராம். வண்டியை விட்ட அன்று, அவர் ஊர் வழியாகப் போகும் பஸ் வெளியே நின்றிருந்தது. ஒரு மணி நேரப் பயணம்தான். படிக்கட்டருகே போய் நின்றேன்.

"ஏறுங்க பெரியவரே" என்று கண்டக்டர் பையன் கையை நீட்டினான்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் போய்விட்டது.