நடுவில் நிற்பவரைக் கேள்

கல்லூரியில் எல்லோருக்கும் அவள் லேப் மிஸ். கீபோர்டுகளைத் துடைத்து அடுக்கும் வேலையில் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்து, அடிப்படைப் பிரிவுக்குக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தவள். மவுஸைத் தொடவே கூச்சப்படும் பிள்ளைகள்தான் அவளிடம் வருவார்கள். திரை முன்னால் உட்காரவைக்கும் முன் அவர்களை எழுப்பி நிற்கவைப்பது அவள் வழக்கம்.

ஆளுக்கு ஓர் எண் அட்டை. எண் நெஞ்சுப் பக்கம் திரும்பியிருக்கும். சுவரோரம் நீளமாக நிற்பார்கள். ஒருவர் வந்து ஓர் எண்ணைத் தேட வேண்டும்.

"முதல் ஆள்லேர்ந்து ஒவ்வொருத்தரா கேட்டுட்டு வந்தா விடிஞ்சிடும்டா. நடுவுல நிக்கிறவனைக் கேளு!"

நடு அட்டை தேடும் எண்ணைவிடப் பெரியதா? வலப்பக்கம் மொத்தமும் உட்காரலாம். மிச்சம் நிற்பவர்களில் மறுபடி நடு ஆள். ஒவ்வொரு கேள்விக்கும் பாதிக் கூட்டம் தொப்பென்று தரையில் விழும். கணினி ஏன் கண்மூடித் திறப்பதற்குள் தேடி எடுக்கிறது என்பது அந்தச் சிரிப்புக்கு நடுவே புரிந்துவிடும்.

இதைத்தான் ஒருங்கிணைப்பாளர் திருடினார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கட்-பேஸ்ட் சார். வணிகம் படித்தவர், வாய் சாமர்த்தியத்தில் மேலே வந்தவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனில் வகுப்பைப் படம் பிடித்தார். 'என் கற்பித்தல் முறை' என்று நிர்வாகத்துக்கு அனுப்பினார். அடிப்படைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவளுக்கு என்று ஏறக்குறைய முடிவான நேரம். அவரே நேரில் நடத்திக் காட்டட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றது நிர்வாகம்.

அவள் போய்க் கேட்டாள்.

"ஐடியாவுக்கெல்லாம் பட்டா வாங்கி வெச்சிருக்கியாம்மா?" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பு அவளோடு வீடுவரை வந்தது. பேருந்து ஓட்டுநரான கணவர் சமையலறையை எட்டிப்பார்த்தார்.

"யார் தலையை நினைச்சு அந்தக் குக்கரைத் தேய்க்கிற?"

"கட்-பேஸ்ட்."

"ரொம்பத் தேய்க்காதே, ஆளு பளபளன்னு ஆயிடப் போறான்."

"எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. உங்களுக்கு விளையாட்டு."

"அடியேய், ஓவர்டேக் பண்றவனை நாம இடிக்கக் கூடாது. முன்னாடி பள்ளம் இருக்குன்னு கை காட்டாம இருந்தா போதும்."

அவள் கை நின்றது. பள்ளம் இருந்தது.

வகுப்பறை குறுகல். அதனால் பிள்ளைகளை வெளியே வராந்தாவில் வைத்தே சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை வரிசைப்படுத்தி, பிறகுதான் உள்ளே அனுப்புவாள். வரிசையில் இல்லாத எண்களில் நடு ஆளைக் கேட்டு ஒரு பயனும் இல்லை. கட்-பேஸ்ட்டின் வீடியோவோ அவர்கள் வாசலில் நுழைவதிலிருந்துதான் ஆரம்பம்.

நடத்திக் காட்டும் நாளுக்கு முந்தின மாலை அவர் அட்டைக்கட்டைக் கேட்டு வந்தார். கட்டு எப்போதும் ஏறுவரிசையில்தான் இருக்கும். அவர் கண்ணெதிரே, சீட்டாடுகிறவளைப் போல நன்றாகக் கலைத்து நீட்டினாள்.

"வேற ஏதாவது கவனிக்கணுமா?"

"எல்லாம் நீங்க வீடியோல பார்த்ததுதான் சார்."

மறுநாள் முன்வரிசையில் பிரின்சிபாலும் நிர்வாகத்தாரும். கடைசி பெஞ்சில், அவர் முன்பு உட்கார்ந்த அதே இடத்தில், லேப் மிஸ். பிள்ளைகள் கைக்கு வந்த அட்டையோடு வந்தபடி நின்றார்கள்.

"ஓர் எண் சொல்லுங்க மேடம்," என்றார் கட்-பேஸ்ட்.

"பதினேழு," என்றார் பிரின்சிபால்.

நடுவில் நின்ற பையன் அட்டையைத் திருப்பினான். நாற்பது. "பதினேழு சின்னது. ஆகவே வலப்பக்கம் எல்லாரும் உட்காருங்க!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள், ஓரத்தில் ஒரு பெண்ணைத் தவிர. "சார், பதினேழு..."

"உட்காரும்மா."

"என்கிட்டதான் சார் இருக்கு."

"உன்கிட்ட இருக்க முடியாது! கணக்கு சொல்லுது, உட்காரு!"

அவள் அட்டையைத் திருப்பி உயர்த்திக் காட்டினாள். அறை வெடித்துச் சிரித்தது. கட்-பேஸ்ட் பதற்றத்தில் இடப்பக்கத்தில் தேடினார், அங்கும் பாதியை உட்காரவைத்தார், கடைசியில் நின்றவனிடம் இருந்தது எண்பத்திரண்டு. லேப் மிஸ்ஸுக்கு நாக்கில் வெல்லம் வைத்தது போல இருந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை மறுபடி நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிரின்சிபால் திரும்பினார். "நீங்க செஞ்சு காட்டுறீங்களா?"

லேப் மிஸ் எழுந்தாள். "எல்லாரும் வராந்தாவுக்கு வாங்க." பின்னாலேயே வந்த கட்-பேஸ்ட்டை வாசலில் நிறுத்தினாள். "நீங்க உள்ளேயே இருங்க சார். பட்டா போட்ட இடம்." கதவைச் சாத்தினாள்.

வெளியே அட்டைகளைப் பார்த்துப் பார்த்து ஆட்களை மாற்றி நிறுத்தினாள். பதினேழுக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மிஸ், சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்னைப் போய்ப் பொய் சொல்ற மாதிரி..."

கதவின் கண்ணாடிச் சதுரத்தில் கட்-பேஸ்ட்டின் முகம் ஒட்டிக்கொண்டு நின்றது. லேப் மிஸ் தன் முதுகால் அதை மறைத்தாள்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள். "உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும். வா, பன்னிரண்டுக்கு அடுத்து நில்லு."