படகுப் பாட்டில் பதினேழாவது ஆள்

தாளம்மாவுக்குப் பாட வராது. ஒரு வரி பாடச் சொன்னால் மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல் வாசிப்பாள். ஆனாலும் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பேரைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லித்தர முடியுமா என்று வாசலில் வந்து நிற்பார்கள். தாளம் வேறு, தாள் வேறு என்று விளக்கி அனுப்புவதே அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. அவளிடம் இருப்பவை தாள்கள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினோரு பாட்டுத் தாள்கள்.

ஒரு காலத்தில் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் ஒருவர் நின்று பாடுவார். பாடி முடித்ததும் அதே பாட்டை அச்சடித்த ஒற்றைத் தாளை விற்பார். கொலை, வெள்ளம், தீ விபத்து, மாமியாரைப் பரணில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்ட மருமகள் என்று எதையும் அவர்கள் விட்டுவைத்ததில்லை. வாங்கியவர்கள் வீட்டில் போய்ப் படித்து அழுதுவிட்டு, தாளைப் பெட்டிக்கு அடியில் விரிப்பார்கள், இல்லையென்றால் அதில் எதையாவது பொட்டலம் கட்டுவார்கள். அந்த மாதிரிப் போனவை போக மிச்சத்தைத்தான் தாளம்மா தேடித் தேடிச் சேர்த்தாள்.

முப்பத்தொரு வருஷம் அவளுக்கு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை. காணாமல் போன கோப்பு என்று ஒன்று கிடையாது, தப்பான அலமாரியில் இருக்கும் கோப்புதான் உண்டு என்பது அங்கே அவள் கற்ற ஒரே தத்துவம். ஓய்வு பெற்று வந்ததும் தாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுத உட்கார்ந்தாள். தலைப்பு, முதல் வரி, அச்சாபீஸ், அளவு, கிழிசல், கறை. எழுதியவர் என்ற இடத்தில் பெரும்பாலும் 'தெரியவில்லை' என்று எழுதினாள். ஆயிரத்து எண்ணூறு தடவை எழுதியதில் அந்த ஒரு சொல்லில் மட்டும் அவள் கையெழுத்து மணிமணியாக வந்தது.

ஈய எழுத்துகளின் நொண்டி முடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்த அச்சாபீஸில் எந்த எழுத்துக்கு வால் முறிந்தது, எப்போது முறிந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். இந்தத் திறமையால் யாருக்கும் ஒரு நன்மையும் கிடையாது என்று தம்பி சொல்லுவான். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

முதலாம் எண் அட்டை ஒரு படகுப் பாட்டுக்கு உரியது. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. தாளின் தலையில், மரக்கட்டையில் செதுக்கிய பெரிய எழுத்தில், 'பதினேழு பேரைப் பலிகொண்ட படகுப் பாட்டு' என்று இருக்கும். முதல் கண்ணி கடவுளுக்கு. பிறகு போன ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டும் சேர்த்து ஒன்று. ஒன்பதாவது கண்ணி இது:

கையில் பிள்ளையைப் பிடித்தபடி தாயும் போனாளே
தையல்காரர் ஒருவரும் தண்ணீரில் போனாரே

அந்தத் தையல்காரர்தான் தாளம்மாவின் அப்பா. அப்போது அவளுக்கு ஆறு வயது. உடல் கிடைக்கவில்லை, வீட்டில் போட்டோவும் கிடையாது. அப்பா என்று இருந்தது அந்த ஒரு வரிதான். அதை வைத்துத்தான் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள். மற்ற தாள்களையெல்லாம் அந்த ஒரு தாளுக்குத் துணையாகச் சேர்த்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

போன மாதம் பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர், யாரோ ஒருவருடைய பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒட்டிக்கிடந்தது என்று ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே படகுப் பாட்டு. அதே தலைப்பு, அதே பதினேழு. தாளம்மா சந்தோஷமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்பதாவது கண்ணிக்கு வந்தாள்.

கையில் பிள்ளையைப் பிடித்தபடி தாயும் போனாளே
பையில் கடிதக் கட்டோடு தபால்காரர் போனாரே

தாளை முன்னும் பின்னும் திருப்பித் தேடினாள். தையல்காரர் எங்கேயும் இல்லை. பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'தாயும்' என்ற சொல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பெட்டித் தாளில் முதல் எழுத்தின் வால் முழுசாக இருந்தது. அவளுடைய தாளில் அது முறிந்திருந்தது. ஈய எழுத்து முறியும், முறிந்தது ஒட்டிக்கொள்ளாது. ஆகவே தபால்காரர் முந்தி, அப்பா பிந்தி. யாரோ தபால்காரரை வெளியே எடுத்துவிட்டு அப்பாவை ஆற்றில் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். ஊர் ஊராகத் தாளுக்கு அலைந்தவள், நாலு தெரு தள்ளியிருந்த இறப்புப் பதிவேட்டை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்றுதான் சொல்லுவாள். நமக்கும் சில விஷயங்கள் அப்படித் தோன்றாமல் போவது உண்டு. பதிவேட்டில் அந்தப் படகுக்குப் பதினாறு பேர் இருந்தார்கள். அதில் தபால்காரரும் இல்லை, தையல்காரரும் இல்லை.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்தாள். விபத்து நடந்தபோது அவன் கைக்குழந்தை.

"அக்கா, அச்சுப் பிழைன்னு எழுதிட்டு ஆக வேண்டியதைப் பாரு" என்றான் அவன்.

"பிழைன்னா ஒரு எழுத்து மாறும்டா. ஆளே மாறுமா?"

"அம்மாகிட்ட மட்டும் சொல்லித் தொலைச்சிடாத. எண்பது வயசு தாண்டியாச்சு. தாங்க மாட்டாங்க."

அவளுக்கும் அதே பயம்தான். ஐம்பத்திரண்டு வருஷமாக அம்மா ஆற்றில் போனவரின் மனைவியாக இருந்திருக்கிறாள். அந்த மரியாதையோடுதான் ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினாள். இப்போது போய், அவர் சாகவில்லை, நம்மை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவை விடுங்கள், தாளம்மாவுக்கே அது தொண்டையில் இறங்கவில்லை. அப்பா செத்துப்போனார் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. செத்தவர்கள் வேண்டுமென்று போவதில்லை. நாலு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் அம்மாவே கேட்டாள்.

"என்னடி, மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டே திரியற?"

தாளம்மா பெட்டித் தாளை நீட்டினாள். அம்மா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்து, உதடு அசையப் படித்தாள். ஒன்பதாவது கண்ணியில் நின்றாள்.

"அட, தபால்காரரு. இது எங்க கிடைச்சுது? எல்லாத்தையும் கொளுத்திட்டேன்னு அவரு சொன்னாரே."

"யாரு?"

"அச்சாபீஸ்காரருதான். உக்காரு, ஏன் நிக்கற?"

தாளம்மா உட்கார்ந்தாள். அம்மா தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டே, நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"படகு கவுந்த மறுநாளே இவரு அவசரப்பட்டு அடிச்சிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தபால்காரரு முழுசா வந்து நிக்கறாரு. எங்கேயோ கீழ கரையேறியிருக்காரு. அச்சாபீஸ் வாசல்ல நின்னு ஒரே சத்தம், நான் செத்தேன்னு எவன் சொன்னான்னு. நான் எதிர்ல குழாயில தண்ணி பிடிச்சிட்டிருந்தேன்."

"அப்பா?"

"அவரு போய் அப்பவே பத்து நாள் ஆச்சு. தையல் மிஷினையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. படகுல போறவரு மிஷினை எதுக்குக் கொண்டுபோறாருன்னு நீ இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேட்டியா?"

தாளம்மா கேட்டதில்லை.

"வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான், எங்க போனாரு, எப்ப வருவாரு, உங்களுக்குள்ள என்ன தகராறுன்னு. துணி எடுக்கப் போயிருக்காருன்னு எத்தனை நாளைக்குச் சொல்றது? விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னா ஆளாளுக்கு ஒரு கேள்வி. செத்தவன் பொண்டாட்டின்னா ஒரு தடவை அழுதுட்டுப் போயிடுவாங்க. குடத்தை அங்கயே வச்சிட்டு அச்சாபீஸுக்குள்ள போனேன். அவரு தலையில கை வச்சு உக்காந்திருந்தாரு. தலைப்பு மரத்துல செதுக்கினது, பதினேழை மாத்த முடியாது. ஒரு ஆள் குறையுது. அதுவும் 'கையில்'க்குப் பொருந்தற ஆளா வேணும். நான்தான் தையல்காரர்னு சொன்னேன்."

"அவரு ஒண்ணும் கேக்கலையா?"

"மூஞ்சியைப் பாத்தாரு. கேக்கல. உடனே எழுத்துக் கோக்க ஆரம்பிச்சிட்டாரு."

தாளம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. அப்பாவுக்காகவா, அம்மாவுக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இத்தனை வருஷம் மனசுக்குள் யாருக்காக அழுதிருக்க வேண்டுமோ அந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்து தாளின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த வரி உன்னோடதாம்மா?"

"முக்கால்வாசி. நான் சொன்னது 'தையல்காரர் நல்லவரும் தண்ணீரில் போனாரே'ன்னு. பிள்ளைங்க நாளைக்குப் படிக்குமேன்னு சொன்னேன்."

"அப்புறம் ஏன் 'ஒருவரும்'னு இருக்கு?"

அம்மா தாளை மடித்து அவளிடம் கொடுத்தாள்.

"'நல்லவரா?'ன்னு கேட்டாரு. நான் கொஞ்சம் யோசிச்சேன். அதுக்குள்ள 'ஒருவரும்'னு கோத்துட்டாரு."